கண்ணாடிப் போத்தலில் கொம்பு ஓணான்: நூதனசாலை நம்மோடு எப்படிப் பேசுகிறது?

சில வருடங்களுக்கு முன்னால் தரம் 8 பிள்ளைகள் முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒரு நூதனசாலைக்குப் போனோம். எந்த நூதனசாலை என்பது இங்கே முக்கியமில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, வளைவுகளில் நாலைந்து பேர் வாந்தி எடுத்து, பத்து மணிக்கு உள்ளே நுழைந்து பத்தே முக்காலுக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். அந்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகள் காதில் அதிகம் விழுந்தவை "தொடாதீங்க", "நடங்க" என்ற இரண்டு சொற்கள். நடுவில் ஒரு பையன் மட்டும் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டான். உள்ளே போத்தலில், நிறம் வெளுத்துப்போன ஒரு ஓணான், மூக்கு நுனியில் கொம்போடு. "சேர், இது எங்க லயத்துக்குப் பின்னால இருக்குதே" என்றான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கூட வந்த வழிகாட்டிக்கு நேரமில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு அங்கே நடந்த ஒரே விஞ்ஞானம் அந்தப் பையன் வாயிலிருந்து வந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. கொம்பு ஓணான் பேரினத்தில் இருக்கும் எல்லா இனங்களும் இலங்கையில் மட்டுமே வாழ்கின்றன, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்க்காடுகளில் இருப்பது அதில் ஒன்று. நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்குக் கொம்புக்குப் பதிலாக இலை மாதிரி தட்டையான மூக்கு. அந்தக் கொம்பு எதற்கு, ஆண் பெண்ணைக் கவரவா, சண்டைக்கா, இலைக்கு நடுவே ஒளிந்துகொள்ளவா என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "இது ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, நீ பார்த்தால் கவனித்துச் சொல்" என்று அந்தப் பெட்டியில் ஒரு வரி இருந்திருந்தால் முப்பது பேரும் அங்கேயே நின்றிருப்பார்கள்.

நூதனசாலை என்ற சொல்லே வேடிக்கையானது. நூதனம் என்றால் புதுமை, உள்ளே இருப்பதெல்லாம் பழசு. தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்பார்கள், முன்பு செத்த காலேஜ் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் நூதனசாலை என்ற சொல் நிலைத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்: பழைய பொருளைப் பார்க்க வருகிறவருக்கு ஒரு புதுக் கேள்வி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் களஞ்சிய அறை.

ஆரம்ப காலத்து நூதனசாலைகள் கேள்வியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கொழும்பு நூதனசாலையை 1877-ல் ஆளுநர் வில்லியம் கிரகரி திறந்தபோது உலகம் முழுக்க இருந்த முறை ஒன்றுதான்: சேகரி, பெயரிடு, அடுக்கு, பூட்டு. இயற்கை வரலாற்றுக்கென்று கொழும்பில் தனி நூதனசாலை வந்தது 1986-ல். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை 1881-ல் திறந்ததும் ஏறக்குறைய ஒரு கோயில் மாதிரித்தான், கட்டடமும் அப்படித்தான் இருக்கும். அதன் பெரிய மண்டபத்தில் பல வருடமாக நின்றது ஒரு டைனோசரின் அச்சு வார்ப்பு. 2017-ல் அதை எடுத்துவிட்டு நிஜ நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். எப்போதோ அழிந்ததைக் காட்டுவதைவிட, வேட்டையில் அழியப்போய் நாம் நிறுத்தியதால் தப்பியதைக் காட்டலாம் என்ற முடிவு அது. பொருளை மாற்றினார்கள், அதோடு வருகிறவருக்குப் போகிற செய்தியும் மாறிவிட்டது.

இடையில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. ஒன்று, கார்ல் ஏக்லி போன்றவர்கள் அமெரிக்காவில் பாடம் செய்த மிருகத்தைத் தனியாக நிறுத்தாமல், அது வாழ்ந்த புல், மண், பின்னால் வரைந்த மலை என்று ஒரு முழு இடத்தையும் கண்ணாடிக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். மிருகத்துக்கு ஒரு ஊர் உண்டு என்று பார்க்கிறவருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்தது. இரண்டாவது, 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் ஆரம்பித்த எக்ஸ்ப்ளோரட்டோரியம். அது இயற்கை வரலாற்று நூதனசாலை இல்லை, ஆனால் "தொடாதீர்கள்" என்ற பலகையைத் தூக்கிப்போட்டு "செய்து பாருங்கள்" என்று சொன்ன இடம். அதற்குப் பிறகு பல இயற்கை நூதனசாலைகளிலும் பிள்ளைகள் எலும்பைத் தொடலாம், இழுப்பறையைத் திறக்கலாம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு அறையாவது ஒதுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் தொட விடுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிற காட்சிப் பொருளைப் பிள்ளைகள் அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டு ஓடிப்போய்விடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முக்கியமானது கண்ணாடிக்குப் பின்னால், பொதுமக்கள் பார்க்காத அறைகளில் இருக்கிறது. பெரிய நூதனசாலை எதிலும் காட்சிக்கு வைத்திருப்பது கைப்பிடி அளவுதான். லண்டனில் மட்டும் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. இத்தனை செத்த பூச்சி எதற்கு என்று கேட்டால், ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஒரு வகை வல்லூறின் முட்டைகள் அடைகாக்கும்போதே உடைந்துபோயின. காரணம் தேடிய டெரெக் ராட்கிளிஃப் நூதனசாலைகளிலும் பொழுதுபோக்குக்காக முட்டை சேர்த்தவர்களிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து ஒப்பிட்டார். டிடிடி என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துபோயிருந்தது. 1967-ல் இதை வெளியிட்டார். முட்டை சேர்த்தவர்களுக்குப் பூச்சிமருந்தைப் பற்றி ஒரு யோசனையும் இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு ஓட்டோடும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வைத்திருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது. இந்த மூன்றும் இல்லாத மாதிரி அலங்காரப் பொருள்தான்.

நம் மலைக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. தவளைக் கதை. கொழுந்து எடுக்கிறவர்கள் கைக்குத் தட்டுப்படுகிற சின்னச் சின்ன மரத்தவளைகள் இருக்கிறதே, அவற்றில் பல முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ இடும், வாற்பேத்தை என்ற கட்டமே இல்லாமல் நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். இலங்கையில் இப்படிப்பட்ட மரத்தவளை இனங்கள் நூறுக்கும் மேல் இருக்கும் என்று மாதவ மேகஸ்கும்புரவும் ரொஹான் பெத்தியாகொடவும் அவர்கள் கூட வேலை செய்தவர்களும் 2002-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கூடவே ஒரு துக்கச் செய்தியும் வந்தது. நூதனசாலைப் போத்தல்களில் நூறு, நூற்றைம்பது வருடமாகக் கிடக்கும் இலங்கைத் தவளைகளை, இன்று காட்டில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டால், இருபதளவு இனங்கள் இப்போது எங்குமே இல்லை. அவை வாழ்ந்த காடு கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போய்விட்டது. அந்தப் போத்தல்கள் இல்லையென்றால் அப்படி ஒரு தவளை இருந்தது, போய்விட்டது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

சில சமயம் நல்ல செய்தியும் வரும். இலங்கையில் பிறந்த வைத்தியர் கெலார்ட் 1853-ல் நுவரெலியாவிலிருந்து ஒரு புள்ளித் தவளையை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2009-ல் சிவனொளிபாதமலைக் காட்டில் மெண்டிஸ் விக்ரமசிங்க குழுவினர் அதை மறுபடி கண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட சில வரிகளை வைத்துத்தான் இது அதுதான் என்று சொல்ல முடிந்தது.

சரி, இதெல்லாம் காட்டு விஷயம். தோட்டத்து ஜனங்களான நம் சொந்தக் கதையே ஒரு பங்கசுவில், அதாவது பூஞ்சணத்தில், ஆரம்பிக்கிறது என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

1869. மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இலைக்கு அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பொடிப் பொடியாக ஏதோ படிந்திருந்தது. பேராதனைப் பூங்காவில் இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பாதிரியாரும் பங்கசு நிபுணருமான பெர்க்லி அதற்குப் பெயர் வைத்தார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முதல் சொல்லுக்குப் பாதி வழவழப்பு என்று அர்த்தம், ஏனென்றால் அந்தப் பங்கசு பரவுகிற நுண்துகளான வித்தியின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. இரண்டாவது சொல்லுக்கு நாசக்காரி என்று அர்த்தம். துரைமார் பெரும்பாலானோர் இது கொஞ்ச நாளில் போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். பதினொரு வருடம் கழித்து, 1880-ல், மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் கூப்பிட்டு அனுப்பியது. அவர் கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து வித்திகளைப் பிடித்துக் காட்டினார். காற்றில் பறந்து வருகிறது, இலை ஈரமாக இருந்தால் முளைக்கிறது, இலைக்கு அடிப்புறத்துத் துளைகள் வழியாக உள்ளே போகிறது. மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு வைத்திருப்பதால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை என்றும் சொன்னார். விளக்கம் சரியாக இருந்தது, ஆனால் மருந்து கிடைக்கவில்லை. கோப்பி முடிந்துபோனது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இதற்கு அப்புறம் நடந்தது நம் குடும்பக் கதை. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பழம் பறித்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போகலாம். தேயிலை அப்படியில்லை, அதற்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், வாரா வாரம் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்கினோம், லயம் வந்தது, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வந்தது, காலையில் பேர் பதியும் பெரட்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தி ஒரு ஜனத்தையே ஒரு மலையில் குடியேற்றிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், கம்பெனிகளின் கணக்கையும் தென்னிந்தியாவின் பஞ்சத்தையும் விட்டுவிட்டுப் பேசுகிறது அந்த வாக்கியம். ஆனாலும் ஒரு நுணுக்குக்காட்டிக்குக் கீழே அந்த வித்தியை வைத்து, பக்கத்திலே ஒரு லயத்துப் படத்தையும் வைத்தால், எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் அந்த மேசையைத் தாண்டிப் போகாது. தேர்வுக்குப் படித்த பங்கசு அத்தியாயம் அப்போதுதான் அதன் சொந்தக் கதையாகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேயிலை இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. அதை அடக்க 1930-களில் ஜாவாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், குளவி புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றது, தொல்லை அடங்கியது. பிறகு 1950-களில், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டைக் கொல்ல டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். வண்டு செத்ததோ இல்லையோ, குளவி செத்தது, சுருட்டுப்புழு மறுபடி கிளம்பிவிட்டது. 1925-ல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்து ஆட்களுக்கு இது பழைய பாடம். மருந்துத் தொட்டியை முதுகில் சுமக்கிற நம் அண்ணன்மாருக்கு இதை யாராவது ஒரு தட்டில் இரண்டு பூச்சியை வைத்துக் காட்டியிருக்கிறார்களா?

மலையகத்தில் ஒரு முழுமையான இயற்கை வரலாற்று நூதனசாலையை எனக்குத் தெரியாது. துண்டு துண்டாக நிறைய இருக்கிறது. பேராதனையில் 1821-ல் தொடங்கிய பூங்காவும் அதற்குள் உலர்தாவரச் சேகரிப்பும். ஹக்கலையில் 1861-ல் சின்கோனா நடுவதற்காக ஆரம்பித்த தோட்டம், சின்கோனா என்பது மலேரியாவுக்கு மருந்தெடுத்த மரப்பட்டை. ஹோர்ட்டன் சமவெளிக்குள் ஒரு தோட்டத்துரையின் பெயரைக் கொண்ட ஃபார் இன் கட்டடம் இப்போது பார்வையாளர் நிலையம். ஹந்தானையில் பழைய தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்று தேயிலை நூதனசாலையாகியிருக்கிறது. கம்பளைப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்தில் லயக் காம்பராவையே நூதனசாலையாக்கித் தொழிலாளர்களின் பொருட்களை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் இறங்கினால் இரத்தினபுரி நூதனசாலை. அந்தப் பகுதி மாணிக்கக் குழிகளில் 'இல்லம்' என்று சொல்கிற சரளைப் படையைத் தோண்டும்போது காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் இவற்றின் எச்சங்கள் வந்தன. ஒரு சிங்கத்தின் பல்லை வைத்து 1939-ல் பி. ஈ. பி. தெரணியகல இலங்கைக்கென்று தனியாக ஒரு சிங்க உபஇனத்தை விவரித்தார். குழிக்குள் இறங்கி மண் வாரியவன் அந்தப் பல்லைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தச் சிங்கமும் இல்லை.

மாணிக்கக் குழிக்காரன் கொண்டுவந்து கொடுப்பது, நூதனசாலையில் இருக்கும் ஆள் அதை மதித்து வாங்கிப் பார்ப்பது. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுபோவது பற்றி இன்றைக்கு வெளிநாட்டில் பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. 2016-ல் லொஸ் ஏஞ்சல்ஸ் நூதனசாலையும் கலிபோர்னியா விஞ்ஞான அகடமியும் ஒரு போட்டி வைத்தன: எந்த ஊர்க்காரர்கள் ஒரு வாரத்தில் அதிக உயிரினங்களை ஃபோனில் படமெடுத்துப் பதிவு செய்வார்கள் என்று. இப்போது உலகத்தில் எத்தனையோ நகரங்கள் வருடா வருடம் அதில் சேர்கின்றன. நம் பிள்ளைகள் கையிலும் ஃபோன் இருக்கிறது. காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே தினமும் நடக்கிற ஒருவரைவிட நல்ல அவதானிப்பாளர் யார்? அட்டை எந்த மாதம் கூடும், மரை எந்தப் பாதையில் இறங்கும், எந்தப் பறவை கத்தினால் மழை வரும் என்று சொல்கிற அம்மாமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய். முதலில் சொன்ன இடத்தில் அந்த ஓணான் போத்தலுக்குக் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள், நன்றி. தமிழ் வரியில் சிங்களப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, அதிலும் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள். லயத்தில் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'கொம்பன்'. லேபல் எழுதுகிற வேலையை மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடாமல், அந்த உயிரினத்தோடு வாழ்கிறவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினால் இது நடக்காது. லேபல் எழுதுகிறவர்கள் சொல்லும் பொதுவான விதி, ஐம்பது சொல்லுக்கு மேல் போனால் யாரும் நின்று படிப்பதில்லை என்பது. ஐம்பது சொல்லில் ஒரு பிழை விழுந்தால் அந்தப் பெட்டி அத்தனையும் போச்சு.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் நூதனசாலை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற மாதிரி ஆகிவிடும். தீர்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்று நாளில் செத்துப்போனது. சுருக்கு அதற்காக வைத்ததில்லை, அநேகமாகக் காட்டுப்பன்றிக்குத்தான் வைப்பார்கள். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனால் அந்த மாதத்துக் கடன் என்னாகும் என்று கணக்குப் பார்க்கிறவரிடம் போய், சிறுத்தை எவ்வளவு அரியது என்று படம் காட்டினால் போதாது. ஆனால் சிறுத்தைதான் பன்றிக் குட்டியைத் தின்று அதன் தொகையை மட்டுப்படுத்துகிறது என்பதைச் சொல்லி, சுருக்குக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் கூடவே உட்கார்ந்து பேசினால், கேட்க ஆள் இருக்கும்.

2014 அக்டோபர் 29 மீரியபெத்தையும் அப்படித்தான். கொஸ்லந்தையில் காலை நேரத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தெரியாமல் சாகவில்லை, போவதற்கு வேறு இடம் இல்லாமல் செத்தார்கள், அதை எந்தக் காட்சிப் பொருளும் சரி செய்யாது. இருந்தாலும் மண் எப்படித் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து வழுக்குகிறது என்பதை ஒரு சாய்வுப் பெட்டியில் மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது பத்து நிமிட வேலை. நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவை என்ன அடையாளம் என்று அதே மேசையில் சொல்லலாம். மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு என்று அளவு வைத்திருக்கிறது. ஒரு மழைமானியைப் பாடசாலை முற்றத்தில் வைத்துப் பிள்ளைகளே காலையில் அளந்து பலகையில் எழுதினால், வானொலியில் அந்த எண்ணைக் கேட்கும்போது அது வெறும் எண்ணாக இருக்காது.

எங்கள் பாடசாலையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விஞ்ஞான அறையில் ஒரு பழைய அலுமாரித் தட்டைக் காலி செய்தோம், அவ்வளவுதான். உயிரோடு எதையும் பிடிக்கக் கூடாது, ஹோர்ட்டன் சமவெளிக்குள்ளிருந்து ஒரு இலைகூட எடுத்துவரக் கூடாது, வழியில் கிடப்பதை மட்டும் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டோம். காலியான குளவிக்கூடு, இறகு, மைக்கா மின்னும் கல், கொப்புள நோய் பிடித்த தேயிலை இலை என்று சேர்ந்தது. மழைமானி மழைக்காலத்தில் இரண்டு முறை காற்றில் விழுந்துவிட்டது, நாங்கள் திரும்பக் கட்டினோம்.

ஓணானைப் பார்த்து நின்ற பையன் இப்போது சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். அவன் கொண்டுவந்தது ஒரு நத்தை ஓடு, உள்ளங்கை அளவு, தவிட்டு நிறம், விளிம்பில் வெளிறிய வளையம். ஒரு கொப்பித் தாளைக் கிழித்து அவனே லேபல் எழுதி ஒட்டியிருக்கிறான். "நத்தை ஓடு. 7-ஆம் நம்பர் மலை, பீலிக்கு மேலே. கவ்வாத்து வெட்டிய மறுநாள், 14 ஜூன். கண்டெடுத்தது: அம்மா."